முத்திரை உடையாத பெட்டிகள்

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவியர் ஒன்றுகூடலில், 2000 ஆம் ஆண்டு உயர்தர வகுப்பின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



மேடையில் நிற்பது ஒருத்திதான் என்றாலும் பேச்சு வகுப்பு முழுவதற்கும் உரியது. எங்கள் வட்ஸ்அப் குழுவில் மூன்று வாரம் அடிபட்டு, வெட்டப்பட்டு, மறுபடி ஒட்டப்பட்ட பேச்சு இது. எங்களில் மூவர் வைத்தியர்கள், ஒருத்தி மெல்பேர்னில் கணினித் துறையில் இருக்கிறாள். கணினி பற்றிச் சொல்வதெல்லாம் அவள் பார்த்துச் சரி என்று சொன்னவை. பிழை இருந்தால் அவளைக் கேளுங்கள், வைத்தியர்களை விட்டுவிடுங்கள்.

விழாக் குழு எங்களுக்குக் கொடுத்த தலைப்பு ‘நாற்பதைக் கடந்த பெண்களின் ஆரோக்கியம்’. சபையைப் பார்த்தால் பொருத்தமான தலைப்புத்தான். ஆனால் நிகழ்ச்சி நிரலின் மூன்றாம் பக்கத்தைப் படித்தபின், தலைப்பை மாற்ற அனுமதி கேட்டோம். அந்தப் பக்கத்தில், வெளிநாட்டில் உள்ள பழைய மாணவியர் அனுப்பும் பாவித்த கணினிகளைக் கொண்டு புதிய கணினிக்கூடம் அமைக்கப்படும் என்று போட்டிருக்கிறது. மிக நல்ல காரியம். எங்கள் வகுப்பும் பங்களிக்கிறது. ஆனால் அன்பளிப்பாக வந்த கணினிகள் பற்றி எங்களிடம் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகச் சொல்லப்படாத கதை ஒன்று இருக்கிறது.

1999 ஏப்ரல் 26, திங்கட்கிழமை. வெசாக் நெருங்கிய வாரம். விஞ்ஞானகூடத்தின் பின்னால், முன்பு தையல் அறையாக இருந்த இடம்தான் அப்போது கணினி அறை. சப்பாத்தை வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மனையியல் மாணவியர் தைத்த பூப்போட்ட உறைகளைக் கணினிகளுக்குப் போட்டு வைத்திருப்போம். மொத்தம் ஆறு. நான்கு பழையவை, இரண்டு அந்த வருடம் அன்பளிப்பாகப் புதிதாக வந்தவை. பெட்டியின் பிளாஸ்டிக் முத்திரையை மிஸ் கத்தரிக்கோலால் வெட்டியபோது நாங்கள் கைதட்டியது இன்னும் நினைவிருக்கிறது.

அன்று காலை முதலாம் பாடத்துக்கு மிஸ் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். முதல் நான்கும் கறுப்புத் திரையில் இரண்டு வரி எழுத்தைக் காட்டிவிட்டு நின்றன. ஐந்தாவதும் ஆறாவதும் அதுகூட இல்லை. விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. வழக்கமாக வரும் ‘பீப்’ ஒலி வரவில்லை.

தவணைப் பரீட்சைப் புள்ளிகள், விடுகைப் பத்திரப் பதிவுகள், பரிசளிப்பு விழாப் பட்டியல் எல்லாம் போய்விட்டன. அலுவலகத்து அக்கா புள்ளித் தாள்களை வைத்துக்கொண்டு ஒரு மாதம் மறுபடியும் தட்டச்சு செய்தார். கணினி திருத்துபவர் வந்து, முதல் நான்கையும் துடைத்துப் புதிதாக்கிக் கொடுத்தார். மற்ற இரண்டையும் திறந்து பார்த்துவிட்டு, “சிப் செத்துப் போச்சு” என்று தலையை ஆட்டினார்.

அன்று உலகம் முழுவதும் இதுதான் நடந்தது. சீ.ஐ.எச். என்று ஒரு வைரஸ். தாய்வானில் டாட்டுங் பல்கலைக்கழக மாணவராக இருந்த சென் இங்-ஹாவ் என்பவர் எழுதியது. வெறும் ஒரு கிலோபைட் அளவுதான். மற்றக் கோப்புகளில் வெறுமையாக இருக்கும் இடுக்குகளுக்குள் துண்டு துண்டாகப் போய் உட்கார்ந்துவிடும். அதனால் கோப்பின் அளவுகூட மாறாது. 1998 இல் பரவத் தொடங்கி, ஏப்ரல் 26 வரும்வரை சும்மா இருந்தது. செர்னோபில் விபத்து நடந்த திகதியும் அதுவே என்பதால் அந்தப் பெயரையும் வைத்துவிட்டார்கள். தென் கொரியா, துருக்கி, இந்தியா, பங்களாதேஷ் என்று எங்கள் பக்கத்து நாடுகளுக்குத்தான் அடி பலம். அது வன்தட்டின் தொடக்கப் பகுதியை அழித்தது. அதோடு நிற்காமல், சில வகைக் கணினிகளில் தாய்ப்பலகையில் இருந்த பயோஸ் சிப்பையும் குப்பையால் நிரப்பியது. எங்கள் ஐந்தும் ஆறும் அந்த வகை.

இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அன்று எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். எங்கள் வகுப்பில் ஒருத்தி மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் ஒரு கணினி வகுப்புக்குப் போய்வந்தாள். அங்கிருந்து ஒரு விளையாட்டை ஃப்ளொப்பியில் கொண்டு வந்திருந்தாள். நாங்கள் எல்லோரும்தான் விளையாடினோம். யார் வெளியிலிருந்து ஃப்ளொப்பி கொண்டு வந்தது என்று கேட்டபோது, அவள் வாயைத் திறக்குமுன் நாங்கள் திரும்பி அவளைப் பார்த்தோம். வேறு சாட்சி தேவைப்படவில்லை.

அவளது அப்பா வரவழைக்கப்பட்டார். கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து, வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்தார். அலுவலக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அதற்குப் பிறகு அவள் கணினி அறைப் பக்கம் வரவில்லை. அடுத்த தவணையில் பாடசாலைக்கே வரவில்லை. அவள் நின்றதற்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம் என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். அப்படிச் சொல்லிக்கொள்வது வசதியாக இருந்தது.

எங்களுக்கு வாழ்க்கை போனது. பேராதனை, யாழ்ப்பாணம், கொழும்பு என்று படிக்கப் போனோம். பல வருடம் கழித்து எங்கள் மெல்பேர்ன்காரிதான் அந்த வைரஸின் வரலாற்றைத் தேடி எடுத்தாள். 1998 இல் யமஹா நிறுவனம் தன் சீ.டீ. எழுதிக்கு வெளியிட்ட ஃபேர்ம்வெயார் இற்றைப்படுத்தலிலேயே இந்த வைரஸ் இருந்திருக்கிறது. 1999 மார்ச்சில் ஐ.பி.எம். அனுப்பிய அப்டீவா கணினிகள் சில ஆயிரம், பெட்டிக்குள் இருக்கும்போதே இதைச் சுமந்துகொண்டு வாடிக்கையாளர் வீட்டுக்குப் போயிருக்கின்றன. எங்களுடையவை அந்தக் கணினிகள் அல்ல. எங்களுக்கு அது எந்த வழியாக வந்தது என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் முத்திரை உடையாத பெட்டிக்குள்ளேயே நோய் இருக்க முடியும் என்ற எண்ணம் அன்று எங்கள் யாருக்கும் வரவில்லை. பெட்டியை நம்பினோம், பிள்ளையைச் சந்தேகித்தோம்.

வைத்தியர்களுக்கு இது புதிய விடயமாக இருக்கக் கூடாது. குழந்தைக்கு ஹெபடைட்டிஸ் பி தாயிடமிருந்து பிறப்பின்போதே வரலாம் என்று படித்தவர்கள்தானே நாங்கள். பிறந்தபின் யார் தொட்டார்கள், யார் முத்தம் கொடுத்தார்கள் என்று தேடிக்கொண்டிருந்தால் காரணம் கிடைக்காது.

இந்த ஃபேர்ம்வெயார் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தமிழில் நிலைபொருள் என்கிறார்கள். நாம் கணினியில் பார்ப்பது, எழுதுவது, பேஸ்புக்கில் சண்டை பிடிப்பது எல்லாம் மேல்மூளையின் வேலை. ஆனால் சுவிட்சைப் போட்டவுடன், வின்டோஸ் வருவதற்கு முன்னரே, ஒரு சின்னச் சிப்பில் எழுதப்பட்ட கட்டளைகள் விழித்தெழுந்து நினைவகம் எங்கே, தட்டு எங்கே, திரை எங்கே என்று தேடுகின்றன. மனித உடலில் மூச்சையும் இதயத் துடிப்பையும் நாம் நினையாமலே நடத்தும் மூளைத்தண்டு போன்றது அது. வைரஸ் தடுப்பு மென்பொருள் இருப்பது மேல்மாடியில். அத்திவாரத்தில் ஒருவன் ஒளிந்திருந்தால் அதற்குத் தெரியாது. வன்தட்டை முழுவதும் துடைத்தாலும் அவன் போகமாட்டான். சிப் இருப்பது கணினியில் மட்டுமல்ல. வன்தட்டுக்குள், ரவுட்டருக்குள், சீ.சீ.ரீ.வி. கமராவுக்குள், எங்கள் வாட்டில் உள்ள மொனிட்டருக்குள், ஏன், சில நோயாளிகளின் நெஞ்சுக்குள்ளேயே இருக்கிறது.

2015 பெப்ரவரியில் கஸ்பர்ஸ்கி நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா என்று நமக்கு நன்கு தெரிந்த வன்தட்டுகளின் ஃபேர்ம்வெயாரையே மாற்றி எழுதக்கூடிய கருவிகளை ஒரு கூட்டம் வைத்திருக்கிறது என்பதுதான் செய்தி. அதற்கு முந்திய வருடம் வெளியான ஸ்னோடன் ஆவணங்களில், வாடிக்கையாளருக்குப் போகும் வழியில் பார்சலைத் திறந்து, வலையமைப்புக் கருவிக்குள் உளவு நுழைத்து, மறுபடியும் முத்திரை ஒட்டி அனுப்பும் படம்கூட இருந்தது. பார்சல் அனுப்பும் அக்காமாரைப் பயமுறுத்தவில்லை. உங்கள் குழந்தைப் பால்மா பெட்டியையும் சொக்லேட்டையும் யாரும் அப்படித் திறக்கமாட்டார்கள். நம்மூர்ச் சுங்கத்தைத் தவிர.

சில வேளை செய்தவர் வெளியாளும் அல்ல. அதே 2015 இல் லெனோவோவின் சில மடிக்கணினிகளில், பயோஸுக்குள் இருந்த ஒரு பகுதி, வின்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டாலும் நிறுவனத்தின் கோப்புகளைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தது தெரியவந்தது. வாடிக்கையாளருக்கு உதவத்தான் என்றார்கள். பிறகு நீக்கும் வழியைத் தந்தார்கள்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2018 ஒக்டோபரில் ப்ளூம்பேர்க் சஞ்சிகை, சூப்பர்மைக்ரோ நிறுவனத்தின் தாய்ப்பலகைகளில் அரிசி மணி அளவு உளவுச் சிப்புகள் பொருத்தப்பட்டிருந்ததாகப் பெரிய கட்டுரை போட்டது. அப்பிளும் அமேசானும் சூப்பர்மைக்ரோவும் அடியோடு மறுத்தன. அப்படி ஒரு சிப்பை இன்றுவரை யாரும் பொதுவில் எடுத்துக் காட்டவில்லை. ஆகவே எல்லாப் பெட்டிக்குள்ளும் பேய் இருக்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை. ஒருத்தியை வீணாகச் சந்தேகித்தவர்கள் மற்றவர்களைச் சந்தேகிக்கும்போது கொஞ்சம் நிதானமாக இருக்க வேண்டும்.

இனி எங்கள் தொழிலுக்கு வருகிறோம். 2021 இல், கொவிட் உச்சத்தில், எங்கள் வகுப்பு காசு சேர்த்து, கண்டிக்கு அருகே ஒரு வைத்தியசாலைக்கு ஐந்து நோயாளர் மொனிட்டர்கள் வாங்கிக் கொடுத்தது. இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், ஒட்சிசன் அளவு காட்டும் கருவிகள். யாருக்கும் தேடிப் பார்க்க நேரமில்லாத நாட்கள். எது கிடைத்ததோ அதை வாங்கினோம். ஒட்சிசன் மட்டம் விழுவதைத் தாதியர் தூரத்திலிருந்தே பார்க்க முடிந்தது. அந்த மொனிட்டர்களால் தப்பியவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெருமை எங்களுக்கு இன்றும் உண்டு.

2025 ஜனவரி 30 ஆம் திகதி அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு முகவர் நிலையமும் உணவு, மருந்து நிர்வாகமும் ஓர் எச்சரிக்கை விடுத்தன. சீனாவின் கொன்டெக் நிறுவனம் தயாரிக்கும் சீ.எம்.எஸ். 8000 என்ற மொனிட்டரின் ஃபேர்ம்வெயாருக்குள் ஓர் இணைய முகவரி நிரந்தரமாக எழுதப்பட்டிருக்கிறது. அது தயாரிப்பாளருடையதல்ல, ஒரு பல்கலைக்கழகத்துக்குரியது. வலையமைப்பில் இணைத்தால் நோயாளியின் விபரங்கள் அங்கே போகின்றன. அங்கிருந்து கோப்புகளை இறக்கி கருவிக்குள் எழுதவும் முடியும் என்றார்கள். அதே மொனிட்டர் வேறு பெயரிலும் விற்கப்பட்டிருக்கிறது. பிறகு ஆராய்ந்த கிளரோட்டி என்ற நிறுவனம், இது திட்டமிட்ட பின்கதவாகத் தெரியவில்லை, கவனமற்ற வடிவமைப்பாகத்தான் தெரிகிறது, அந்த முகவரி கையேட்டிலேயே இருக்கிறது என்றது. கதவைக் களவுக்காகத் திறந்து வைத்தாலும் மறதியால் திறந்து வைத்தாலும் உள்ளே வருபவனுக்கு வித்தியாசம் இல்லை. நோயாளிக்குத் தீங்கு நேர்ந்ததாக எந்த முறைப்பாடும் வரவில்லை என்பதையும் அந்த நிர்வாகம் அப்போது சொன்னது.

செய்தி வந்த வாரம் நாங்கள் அந்த வாட்டுக்குப் போனோம். எங்கள் ஐந்தும் அந்த மாதிரியைச் சேர்ந்தவை அல்ல. நிம்மதிப் பெருமூச்சு விட்டபடி பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தோம். விற்றவரின் ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. அதன் கீழே பாதி அழிந்த இலக்கம். செய்தவர் யார் என்று எங்கும் இல்லை. விற்ற இடத்துத் தொலைபேசி வேலை செய்யவில்லை. ஃபேர்ம்வெயாரை யார் எழுதினார்கள், கடைசியாக எப்போது திருத்தினார்கள் என்று கேட்க ஆள் இல்லை. கொன்டெக்காவது பெயர் உள்ள நிறுவனம், அதைக் குறை கூற முடிந்தது. நாங்கள் கொடுத்ததற்கு முகமே இல்லை.

வாட்டுச் சிஸ்டர் கேட்டார்: “அப்ப டொக்டர், இது காட்டுற எண்ணிக்கை பொய்யா?”

அந்தக் கேள்விக்கு நாங்கள் தயாராக இருக்கவில்லை. பொய் இல்லை, அநேகமாகச் சரி என்றோம். ‘அநேகமாக’ என்ற சொல்லை அவர் முகம் ஏற்கவில்லை. ஒரு நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ணிவிட்டு, மொனிட்டரைப் பார்த்தார். இரண்டு துடிப்பு வித்தியாசம். தலையசைத்தார். உபகரணப் பிரிவிலிருந்து வந்த தம்பி ஐந்து மொனிட்டர்களின் வலைக் கம்பிகளையும் கழற்றிச் சுருட்டிக் கட்டினார். கருவிகளை எடுத்துவிடலாமா என்றும் பேசினோம். முப்பது நோயாளிகளுக்கு இரவில் இரண்டு தாதியர் உள்ள வாட்டில், சந்தேகம் உள்ள மொனிட்டரை எடுத்துவிட்டு ஒன்றும் இல்லாமல் விடுவது வைத்தியம் ஆகாது. ஆகவே அவை கட்டிலருகே தனியாக ஓடுகின்றன. ஆனால் மேசையில் இருந்தபடியே பார்த்த எண்களை இப்போது தாதியர் கட்டில் கட்டிலாக நடந்து பார்க்கிறார்கள். எங்கள் அன்பளிப்பின் விலையை அவர்களது கால்கள் கட்டுகின்றன.

நம்பிக்கையைக் கையாள்வதில் நல்ல முன்மாதிரி ஒன்றையும் சொல்ல வேண்டும். 2017 ஓகஸ்டில், அபொட் நிறுவனத்தின், முன்பு செய்ன்ட் ஜூட் என்று இருந்ததின், இதயமுடுக்கிகளில் ஒரு பலவீனம் இருப்பது ஒப்புக்கொள்ளப்பட்டது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 465,000 கருவிகள். சத்திரசிகிச்சை தேவையில்லை, கிளினிக்குக்கு வந்தால் மூன்று நிமிடத்தில் புதிய ஃபேர்ம்வெயார் ஏற்றலாம். அந்த மூன்று நிமிடமும் கருவி நிமிடத்துக்கு 67 துடிப்பு என்ற மாற்று நிலையில் ஓடும். இலட்சத்தில் மூன்று பேருக்குக் கருவி முற்றாகச் செயலிழக்கும் வாய்ப்பு உண்டு என்பதையும் எழுதியே கொடுத்தார்கள். செய்துகொள்வதா இல்லையா என்பதை நோயாளியும் வைத்தியரும் பேசி முடிவெடுக்க வேண்டும். தயாரிப்பாளருக்குப் பெயர் இருந்தது, கேள்வி கேட்க ஒழுங்குபடுத்தும் அமைப்பு இருந்தது, குறையை எழுத்தில் சொல்லும் கட்டாயம் இருந்தது. வைத்தியர்கள் லேபலை நம்பித்தான் தொழில் செய்கிறோம். 2023 இல் இம்யூனோகுளோபுலின் விவகாரம் வெடித்தபோது, லேபலுக்குப் பின்னால் யாரும் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பது நாட்டுக்கே தெரிந்தது.

ஆகவே கணினிக்கூடத்துக்கு வருகிறோம். பாவித்த கணினி அனுப்புங்கள், தயங்காதீர்கள். ஆனால் பெயர் உள்ள நிறுவனத்தினதாக, இன்னமும் இற்றைப்படுத்தல் கிடைக்கும் வயதுடையதாக இருக்கட்டும். வந்திறங்கியதும் பயோஸை அந்தந்தத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே புதுப்பிக்க எங்கள் மெல்பேர்ன்காரி இரண்டு வாரம் லீவு போட்டு வருகிறாள். பெயர் தெரியாத மலிவு ரவுட்டரும் கமராவும் வேண்டாம், அந்தக் காசை அனுப்பினால் போதும். பிள்ளைகளின் புள்ளிகளும் பெற்றோரின் தொலைபேசி இலக்கங்களும் உள்ள அலுவலகக் கணினி, கூடத்து வலையமைப்பில் சேரக் கூடாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் இது வெறும் நற்பண்பு மட்டுமல்ல. அதிபர் அவர்கள் இதற்கு ஏற்கனவே சம்மதம் தந்துவிட்டார்கள். எங்கள் வகுப்பின் பங்கு கணினியாக வராது. பராமரிப்புக்கென ஐந்து வருடத்துக்கு வருடா வருடம் காசாக வரும். படத்துக்கு நிற்கப் பெட்டி இருக்காது, மன்னிக்கவும்.

இன்னும் ஒன்று. நூற்றாண்டுக் கண்காட்சிக்காகப் பழைய அலுமாரிகளை ஒதுக்கியபோது, 1999 ஆம் ஆண்டுக் கணினி அறைப் பதிவேடு கிடைத்தது. யார், எந்தத் திகதி, எந்த இலக்கக் கணினியில் என்று மிஸ் எங்களையே எழுத வைத்த கோடு போட்ட கொப்பி. மூவர் உட்கார்ந்து ஜனவரி முதல் ஏப்ரல் வரை வரி வரியாகப் பார்த்தோம். ஐந்தாம், ஆறாம் கணினிகளுக்கு நேரே அவள் பெயர் ஒரு தடவையேனும் இல்லை. புதியவற்றைத் தொட அவள் பயந்தாள் என்று எங்களில் ஒருத்திக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அந்த இரண்டுக்கும் நேரே இருந்தவை எங்கள் பெயர்கள். ஏப்ரல் 26 ஆம் திகதிப் பக்கத்தின் அடியில் மட்டும் அவள் பெயர் சிவப்பு மையில், கீழே இரண்டு கோடுகளோடு இருக்கிறது.

அதிபரின் அனுமதியோடு, அந்தப் பக்கத்தில் இன்று காலை நீல மையில் நான்கு வரி எழுதி, வந்திருந்த பதினெட்டுப் பேரும் கையெழுத்திட்டோம். கொப்பி கண்காட்சியில் இல்லை, அலுவலகத்தில் இருக்கிறது. அவளது இலக்கத்தைத் தேடிப் பிடித்துப் படத்தையும் அனுப்பினோம். இங்கே மேடையேறுவதற்குச் சற்று முன் பார்த்தபோது, படத்தின் கீழே இரண்டு நீலக் குறிகள் வந்திருந்தன. பதில் இன்னும் வரவில்லை.